ஆம்புலன்ஸ் வரிசை வார்டில்தான் தொடங்குகிறது

இங்கிலாந்தில் 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஆம்புலன்ஸ் சேவை நான்கு வகையாகப் பிரிக்கிறது. மாரடைப்போ பக்கவாதமோ என்று சந்தேகம் இருந்தால் அது இரண்டாம் வகை. அவர்களிடம் சராசரியாக 18 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் அந்தச் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. அப்போது எத்தனையோ வண்டிகள், உள்ளே நோயாளியை வைத்துக்கொண்டு, மருத்துவமனை வாசல்களில் வரிசையாக நின்றிருந்தன.

வண்டி மருத்துவமனை வளாகத்தில் வந்து நின்றதும் நேரக் கணக்கு ஓடத் தொடங்கும். 15 நிமிடத்துக்குள் நோயாளியை மருத்துவமனை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த 15 நிமிடத்தில் வண்டியைத் துடைத்து, ஆக்சிஜனையும் மருந்துகளையும் சரிபார்த்து, அடுத்த அழைப்புக்குத் தயாராகிவிட வேண்டும். உயிருக்குப் போராடுபவர் என்றால் வழியிலேயே தகவல் போய்விடும். வயது, சம்பவ நேரம், எப்படி நடந்தது, என்ன காயம், நாடி–ரத்த அழுத்தம் போன்ற அளவுகள், கொடுத்த சிகிச்சை என்ற வரிசையில் சொல்வார்கள். அவர் நேராக உயிர்காப்பு அறைக்குப் போவார். மற்றவர்களுக்கு மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் என ஆறு அளவுகளைப் பார்த்து, இயல்பிலிருந்து விலக விலகக் கூடும்படி மதிப்பெண் போடுவார்கள். செயற்கையாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் 2 கூடும். மொத்தம் 5 ஆனால் அவசரம், 7 ஆனால் உடனடி.

இவ்வளவுக்கும் 15 நிமிடம் தாராளம். ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கிப் படுக்கவைக்க உள்ளே இடம் இல்லாதபோதுதான் எல்லாம் நின்றுபோகிறது. இறக்கும்வரை வண்டியில் வந்த பாராமெடிக்குகள் அவரை விட்டு நகர முடியாது. 10 வண்டிகள் தலா 2 மணி நேரம் நின்றால் 20 மணி நேர உழைப்பு போயிற்று. ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம் என்றால், அன்று ஏறக்குறைய இரண்டு வண்டிகள் வேலைக்கே வராததற்குச் சமம். வாசலில் நிற்கும் வண்டிக்குள் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருக்கிறார். வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவரை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. பெரிய ஆபத்து அவருக்குத்தான்.

உள்ளே ஏன் இடமில்லை? ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961இல் நிரூபித்த ஒரு விதி இதற்கு நன்றாகப் பொருந்தும். ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று அறிய, மணிக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் மணி நேரத்தால் பெருக்கினால் போதும். மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்கினால் உள்ளே 48 பேர். தங்கும் நேரம் ஆறரை மணி ஆனால் 78 பேர். வருகை ஒரு ஆள்கூடக் கூடவில்லை.

தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஓடி வருபவர்களால்தான் நெரிசல் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இது ஏற்கத்தக்கதே அல்ல. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுபவர்கள், படுக்கையைப் பிடிப்பதில்லை. நெரிசலை உண்டாக்குவது, பரிசோதனை முடிந்து, வார்டில் சேர்ப்பது என்று முடிவான பிறகும் மேலே படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவிலேயே கிடப்பவர்கள். பெரும்பாலும் முதியவர்கள். குறுகிய ஸ்ட்ரெச்சரில் இரவு முழுக்கக் கிடந்தால் படுக்கைப்புண் வரும், மனக்குழப்பம் வரும், கால் தசைகள் தளரும். வார்டுக்கு மாற்றுவது 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் தாமதமான ஒவ்வொரு 82 நோயாளிகளுக்கும் 30 நாளுக்குள் ஒரு மரணம் கூடுதலாக நிகழ்ந்தது என்று 2022இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு கணக்கிட்டது.

வார்டு காலியாகாததற்கும் காரணம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போக வண்டி இல்லாமல் இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் அடுத்த பந்தி எப்படி உட்காரும்? 2023 ஜனவரியில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் 13,000க்கும் மேற்பட்டோர், சிகிச்சை முடிந்து வெளியேறத் தகுதி பெற்றும் படுக்கையிலேயே இருந்தனர். வீட்டில் குளிக்கவைக்க, உடை மாற்ற உதவும் பராமரிப்பாளர் கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் இடம் இல்லை. மருந்துப் பொட்டலம் வரவில்லை.

படுக்கைகள் நிரம்ப நிரம்பக் காத்திருப்பு சீராகக் கூடாது. ஒரே ஒரு சேவை மேசை உள்ள எளிய வரிசையில், மேசை 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதத்தில் 9 பேர். 95 சதவீதத்தில் 19 பேர். நூற்றுக்கணக்கான படுக்கைகள் இருக்கும் இடத்தில் இந்த ஏற்றம் இன்னும் தள்ளித் தொடங்கும், ஆனால் தொடங்கிவிட்டால் அதே செங்குத்துதான். கடைசிச் சில காலிப் படுக்கைகளை வீண் என்று நினைத்துக் குறைப்பது மிகப் பெரிய தவறு.

நேரமும் ஒத்துப்போவதில்லை. நோயாளிகள் வரத்து காலை 10 மணிக்குமேல் ஏறி இரவுவரை நீடிக்கும். டிஸ்சார்ஜ், காலை ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்து வந்து, வாகனம் கிடைத்து, பிற்பகலில்தான் நடக்கும். அன்றைய வரவும் செலவும் சமமாக இருந்தாலும் இடைப்பட்ட மணி நேரங்களில் நெரிசல் தவிர்க்க முடியாதது. சனி, ஞாயிறுகளில் டிஸ்சார்ஜ் குறையும், திங்கள் அன்று கஷ்டம் தெரியும்.

நெரிசலான மருத்துவமனை ஆம்புலன்ஸை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது ஒரு பழைய வழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2009 ஜனவரியில் அதைத் தடை செய்தது. அஞ்சியபடி அவசரப் பிரிவுகள் நிலைகுலையவில்லை. வாசலை மூட முடியாது என்றானதும் மருத்துவமனைகள் உள்ளே படுக்கை காலி செய்யும் முறைகளைத் திருத்தின. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் அவசர மருத்துவர் பீட்டர் விச்செல்லியோ இன்னொரு வழியை முன்னெடுத்தார். அவசரப் பிரிவு நிரம்பினால், சேர்க்க முடிவானவர்களை ஒரே தாழ்வாரத்தில் குவிக்காமல், வார்டுக்கு ஒருவராகப் பல வார்டுகளின் தாழ்வாரங்களுக்குப் பிரித்து அனுப்புவது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுவது சமாளிக்கக்கூடியது. அவசரப் பிரிவுக்கு 20 பேர் கூடுவது அப்படியல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனை 2022இல், வார்டில் படுக்கை காலியானதா என்று பார்க்காமல் குறித்த நேரங்களில் நோயாளிகளை மேலே அனுப்பத் தொடங்கியது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 2023 கோடையில், 45 நிமிடத்துக்குமேல் காத்திருக்காமல் நோயாளியைப் பாதுகாப்பாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும் முறையைக் கொண்டுவந்தது. மேலே உள்ள வார்டுகள் அதே வேகத்தில் நோயாளிகளை இழுத்துக்கொள்ளாத இடத்தில் இந்த விதியைப் போட்டால், நெரிசல் வாசலிலிருந்து அவசரப் பிரிவின் தாழ்வாரத்துக்கு இடம் மாறும். அதைத் தாங்கப்போவது அங்கே ஏற்கெனவே ஆள் போதாமல் நிற்கும் செவிலியர்கள்.