கழுத்தை அசைக்காமல் மூச்சுக்குழாயில் குழாய் போடுவது எப்படி?

கழுத்துத் தண்டுவட ஆபரேஷனில் சர்ஜனுக்கு முன்பே மயக்க மருத்துவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாயைச் செலுத்த வேண்டும். கழுத்தோ அசையக் கூடாது.

1943-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மெக்கின்டாஷ், குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் கருவிக்காக வடிவமைத்த வளைந்த பிளேடு (வாய்க்குள் விடும் தகடு) இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதால் நாக்கைத் தூக்கி, மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் குரல் நாண்களைக் கண்ணால் நேரே பார்க்க வேண்டும். வாயிலிருந்து குரல்வளைக்குப் போகும் வழி வளைந்தது, பார்வை வளையாது. ஆகவே தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அந்தச் சாய்வில் பெரும்பங்கு மண்டையோட்டுக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பழுதே அங்கே இருந்தால் ஆபத்து.

சரி, ஒருவர் தலையை இருபுறமும் பிடித்துக்கொள்ளட்டும் என்றால், பார்வை மறைகிறது. பார்வை மறைந்தால் பிளேடை இன்னும் பலமாகத் தூக்கத் தோன்றும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் பிளேடின் நுனிப் பக்கம் கேமரா இருப்பதால் அவ்வளவு சாய்க்கத் தேவையில்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: திரையில் நாண்கள் பளிச்சென்று தெரியும், குழாய் மட்டும் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்த கம்பியைக் குழாய்க்குள் விட்டுத்தான் திருப்ப வேண்டும்.

கழுத்தை மிகக் குறைவாக அசைப்பது வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப், அதாவது கண்ணாடி இழைகள் வழியாக உள்ளே பார்க்கும் மெல்லிய கருவி. 1967-ல் லண்டனில் பீட்டர் மர்ஃபி, பித்தநாளம் பார்க்கும் கருவியைக் கொண்டே மூக்கு வழியாக இதைச் செய்தார். நோயாளி விழித்திருக்கும்போதே செய்யலாம். லிக்னோகெயினால் மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, லேசான மயக்கம் மட்டும் கொடுப்பார்கள். மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும். குழாய் உள்ளே போனதும், "கையை அசைங்க, காலை அசைங்க" என்று கேட்டு, அசைந்த பிறகே முழு மயக்கம். முழு மயக்கத்தில் குழாய் போட்டால், தண்டுவடம் நலமா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்கு வழியில்லை. ஆனால் நேரம் பிடிக்கும். மரத்துப்போனது போதாவிட்டால் நோயாளி இருமுவார், இருமலில் கழுத்தும் குலுங்கும். ரத்தமோ சளியோ லென்ஸை மறைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

குழாய் போட்டதாலேயே தண்டுவடம் பாதிக்கப்படுவது மிக அரிது. அதனால் எந்தக் கருவி உயர்ந்தது என்ற வாதத்தைவிட, மருத்துவரின் கைக்கு எது பழகியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மயக்கத்தில் ரத்த அழுத்தம் சரிந்தாலும் நசுங்கிய தண்டுவடத்துக்கு ரத்தம் குறையும். அதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம், குழாயை எடுக்கும் நேரம். கழுத்தின் முன்பக்கம் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் உள்ளே வீங்கி மூச்சுப்பாதை அடைபடலாம். சந்தேகம் இருந்தால் குழாயை அப்படியே விட்டு, நோயாளியை ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்கள்.