எரிபொருள் எக்கி

'பெட்ரோல் பம்ப்' என்றால் பங்க் என்று நினைப்பவர்களும் உண்டு. இங்கே பேசுவது டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பகுதி) பெட்ரோலைக் கொண்டுபோகும் உறுப்பு. பழைய காரில் இன்ஜினே இயக்கும் பம்போடு மின் பம்ப் ஒன்றையும் தொடராக இணைக்கலாமா என்பதுதான் கேள்வி. 'பம்ப்' ஆங்கிலத்துக்கு 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த சொல். டச்சு மொழியிலும் அதன் அண்டை மொழிகளிலும் கப்பலுக்குள் தேங்கும் நீரை இறைக்கும் கருவிக்கு இருந்த பெயர். தமிழில் எக்கி. வயிற்றை உள்ளிழுப்பதை 'எக்குதல்' என்கிறோமே, அதே சொல்தான்.

பழைய காரின் இயந்திர எக்கியைப் பிரித்தால் பெயரின் பொருத்தம் புரியும். இன்ஜினோடு சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டின் மேடு நெம்புகோலை அசைக்க, டயாஃப்ரம் என்ற வளையும் சவ்வு உள்வாங்கிப் பெட்ரோலை இழுக்கும்; பிறகு ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். வயிற்றை எக்கி விடுவதேதான். (உடலியலில் டயாஃப்ரத்துக்கு உதரவிதானம் என்று பெயர், உதரம் என்றாலும் வயிறு.) மின் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் மட்டம். அதை 'உந்தி' எனலாமா என்றால், உந்திக்குத் தொப்புள் என்ற பொருளும் உண்டு. மறுபடி வயிற்றுக்கே வந்து நிற்போம். மின் எக்கி என்பதே போதும்.

இரண்டையும் சேர்ப்பது எதற்கு? வாரக்கணக்கில் நின்ற காரில், பெட்ரோல் தேங்கும் கார்புரேட்டர் கிண்ணம் காய்ந்திருக்கும். செல்ஃபை விடாமல் அடிப்பதற்குப் பதில் மின் எக்கியைச் சில நொடி ஓட்டினால் நிறைந்துவிடும். இன்ஜின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதும் குறையும்.

ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடரிணைப்பில் வரிசை: டேங்க், ஃபில்டர், மின் எக்கி, இயந்திர எக்கி, கார்புரேட்டர். மின் எக்கி டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டின் அழுத்தமும் கூடிவிடும் என்று பலர் பயப்படுவது தவறு. இயந்திர எக்கியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதன் ஸ்பிரிங். அது 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம்), மின் எக்கி 2.5 என்றால் கார்புரேட்டருக்குப் போவது 3தான். மின் எக்கி 6 கொடுத்தால் இயந்திர எக்கியின் வால்வுகளைத் திறந்துகொண்டு 6 அப்படியே போகும். கிண்ணம் நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவை ஊசி தாங்காது, கிண்ணம் வழியும். பல கார்புரேட்டர்களுக்கு 2 முதல் 4 வரை போதும். 40-க்கு மேல் தரும் இன்ஜெக்ஷன் பம்பை இங்கே நினைக்கவே கூடாது.

உண்மையான ஆபத்து வேறு. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் மின் எக்கி பெட்ரோலை நேரே இன்ஜின் ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் தள்ளும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினை ஓட்டாதீர்கள். டயாஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றுங்கள். இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் போனால் மின் எக்கியை நிறுத்தும் சுவிட்சும், மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம்.

சில சுழல் வகை மின் எக்கிகள் நின்றுவிட்டால் வழிவிடாது; இயந்திர எக்கி எவ்வளவு எக்கினாலும் பெட்ரோல் வராது. அப்போது மின் எக்கியைச் சுற்றி ஒரு பக்கவழிக் குழாய் போட்டு, அதில் ஒருவழி வால்வு வைக்க வேண்டும். வால்வு இல்லையென்றால் மின் எக்கி தள்ளிய பெட்ரோல் அந்தக் குழாய் வழியாகத் திரும்பித் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்.