வெளிநாட்டில் எடுக்கும் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சிம் கொடுப்பது, ரீலோட் போடுவது, உடைந்த டிஸ்பிளே மாற்றுவது எல்லாம் இங்கேதான். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் ஏறுவதற்கு முதல் நாள் கடைக்கு வருவார்கள். "அண்ணே, அங்க போயி எந்த சிம் போடணும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த சிம்மை யாருடைய பெயரில் எடுக்கப் போகிறீர்கள்? பெரும்பாலானவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். ஏஜென்சிக்காரர் தருவார், வேலைக்கு வைக்கும் வீட்டு மேடம் வாங்கித் தருவார், ரூமில் இருக்கும் அண்ணனிடம் ஒன்று இருக்கும் என்பார்கள். பின்னால் வருகிற சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகின்றன.

வளைகுடா நாடுகளில் ஒவ்வொரு ப்ரீபெய்ட் எண்ணும் ஓர் ஆளின் ஆவணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சவூதியில் 2016ஆம் ஆண்டிலிருந்து கைரேகை வைத்துத்தான் சிம் தருகிறார்கள். டுபாய் பக்கம் எமிரேட்ஸ் அடையாள அட்டை, குவைத்தில் சிவில் ஐடி, கட்டாரில் கியூஐடி. அட்டை கைக்கு வராத புதிதில் பாஸ்போர்ட்டும் விசாவும். சிம் எடுத்ததோடு இது முடிவதில்லை. அரசாங்க வேலைகளும் அந்த எண் வழியாகத்தான் நடக்கின்றன. சவூதியின் அப்ஷர், கட்டாரின் மெட்ராஷ் ஆகிய செயலிகளில் தன் வதிவிட அனுமதி எந்தத் திகதியில் முடிகிறது என்பதைத் தொழிலாளி தானே பார்த்துக்கொள்ளலாம். கபில் எனும் பொறுப்பு முதலாளியையோ, மந்தூப் எனும் கம்பெனியின் அலுவல் ஆளையோ கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அதற்கு உங்கள் பெயரில் ஓர் எண் வேண்டும். கட்டாரின் மெட்ராஷ் சொந்தப் பெயரில் பதிந்த எண்ணைத்தான் ஏற்கும்.

கொட்டகலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் லீவில் வந்தபோது கடையில் உட்கார்ந்து சொன்னார். கட்டாருக்குப் போன புதிதில், ஊருக்குத் திரும்புகிற ஒருவர் விட்டுப்போன சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டாராம். காசு மிச்சம், பேலன்ஸும் கொஞ்சம் இருந்தது. மெட்ராஷில் பதியப் பார்த்தால் ஏற்கவில்லை. சில மாதங்களில் பழைய ஆளின் அட்டை காலாவதியானதும் எண்ணும் செத்துப்போனது. வாட்ஸ்அப், காசு அனுப்பும் கடையில் கொடுத்த எண், சம்பள அட்டையின் குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் மாற்ற வேலையை விட்டுவிட்டு அலைந்திருக்கிறார். அவர் ஆண், கம்பெனி வேலை, வெள்ளிக்கிழமை வெளியே போகலாம். அலைந்தாவது சரிசெய்ய முடிந்தது.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். விமான நிலையத்தில் ஏஜென்சி ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவார். சிம் விற்கும் கவுண்டரைக் கண்ணால் காண்பதோடு சரி. வீட்டுக்குப் போனதும் மேடம் ஒரு சிம் தருவார். நல்ல மனதோடுதான் பலர் தருகிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது மேடத்தின் அட்டையில் பதிந்த எண். மேடம் நினைத்தால் அதை நிறுத்தலாம், அதே எண்ணில் வேறொரு சிம்மும் எடுக்கலாம். பொகவந்தலாவைப் பக்கத்து அக்கா ஒருவருக்கு வீடு மாற்றிய அன்றே எண் வெட்டுப்பட்டது. இங்கே அவருடைய பிள்ளைகள் வாரக்கணக்கில் "அம்மா ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?" என்று என் கடைக்கு நடந்தார்கள். புது வீட்டில் அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அழைக்க எண்தான் இல்லை. மனப்பாடமாக ஓர் எண்ணும் அவருக்குத் தெரியாது.

ஆகவே ஏஜென்சியில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேளுங்கள்: போன் என்னிடம் இருக்குமா, சிம் யாருடைய பெயரில் எடுத்துத் தருவீர்கள்? அங்கே அடையாள அட்டை வந்ததும், தன் பெயரில் ஒரு சிம் எடுக்க போன் கம்பெனியின் கிளைக்கு ஒருமுறை கூட்டிப் போகச் சொல்லி மேடத்திடம் பணிவாகக் கேட்கலாம். அதுவரைக்கும் மேடம் தரும் சிம்மில் வீட்டோடு பேசுங்கள். வங்கிக்கோ அரசாங்கச் செயலிக்கோ அந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களில் கைகொடுப்பது நம் ஊர் சிம். இதைத்தான் பலர் புறப்படும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "இனி அது எதுக்குண்ணே, மாமா பாவிக்கட்டும்" என்று தங்கச்சிமார் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாடு போகிறவர் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்திருப்பார். உழைத்து அனுப்பும் காசு அந்தக் கணக்கில்தான் விழும். கணக்கோடு சேர்த்துக் கொடுத்த எண் இந்த இலங்கை எண். காசு வந்த செய்தி, எடுத்த செய்தி, ஒன்லைனில் பரிமாற்றம் செய்யும்போது வரும் ஓடிபி எல்லாம் இந்த எண்ணுக்குத்தான் வரும். சிம் இன்னொருவர் கையில் இருந்தால் கணக்கின் சாவியும் அவர் கையில்தான். இரண்டு வருடம் கழித்து வந்து பாஸ் புத்தகத்தைப் பதியக் கொடுத்துவிட்டு, கவுண்டருக்கு முன்னால் பேச்சில்லாமல் நின்றவர்களின் கதைகள் மலையகத்துக்குப் புதிதல்ல. எடுத்தவர் வேற்றாள் இல்லை, வீட்டாள். சில குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்புக்கும் கடனுக்கும் நியாயமாக எடுத்ததாகவும் இருக்கும். அப்படியானால் மாதம் இவ்வளவு என்று முன்னரே பேசி, கணவரின் கணக்குக்கோ தாயின் கணக்குக்கோ தனியாக அனுப்புங்கள். சேமிப்புக் கணக்கின் எண் உழைப்பவரின் போனில்தான் இருக்க வேண்டும். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்துக்கொண்ட ஆண்களும் உண்டு. சொல்வதை நான் விடப்போவதில்லை.

இரண்டு சிம் போடும் போன் என்றால் வேலை சுலபம். ஒன்றில் ஊர் சிம், மற்றதில் அங்கே எடுக்கும் சிம். புறப்படும் முன்பு ஊர் சிம்மில் ரோமிங் திறந்திருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பின் திறக்க அலைவது வீண் பாடு. ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் காசு போகாது. அழைப்பு வந்து எடுத்தால் போகும், டேட்டா ஓடினால் இன்னும் வேகமாகப் போகும். அதனால் டேட்டாவை அந்த நாட்டு சிம்முக்கு மாற்றி, ஊர் சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஊர் எண்ணுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டார் ரீலோட் போட வேண்டும். நீண்ட காலம் சும்மா கிடக்கும் ப்ரீபெய்ட் எண்ணைக் கம்பெனி எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த ஆள் அதே எண்ணில் வாட்ஸ்அப் திறந்தால் உங்கள் வாட்ஸ்அப் போய்விடும்.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடையாள அட்டை இல்லாத காலத்தில் பலர் அடுத்த வீட்டுக்காரர் பெயரிலும், தோட்டத்துக் கடைக்காரர் பெயரிலும் சிம் எடுத்தார்கள். இன்று அட்டை வந்துவிட்டது, எண் இன்னும் அந்த ஆளின் பெயரிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் அந்த சிம் தொலைந்தால், மாற்று சிம் கேட்க உரிமை உங்களுக்கு இல்லை, அட்டையில் பெயருள்ளவருக்குத்தான். அவர் இறந்திருந்தால்? ஊரை விட்டுப் போயிருந்தால்? பாஸ்போர்ட் எடுக்க அலையும் நாட்களிலேயே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, பழைய உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக் கிளைக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிம்மைக் கழற்றியே ஆக வேண்டிய ஒற்றை சிம் போன்காரர்கள் அதைப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகுவார்கள். அது வேண்டாம். பாஸ்போர்ட் போய்ச் சேர்ந்த அன்றே வேறொருவர் கைக்குப் போகலாம். குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வேலையாளின் அடையாள ஆவணங்களை அவர் சம்மதமில்லாமல் முதலாளி வைத்திருக்கக் கூடாது என்கிறது. நடப்பது வேறு. சிம்மை உங்கள் கைப்பையிலோ போன் கவருக்குள்ளோ வையுங்கள். அது வந்த பெரிய பிளாஸ்டிக் அட்டையை எறியாமல் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதில் பக் (PUK) எண் இருக்கிறது. சிம்மின் பின் (PIN) எண்ணை மூன்று தடவை பிழையாக அடித்து சிம் பூட்டிக்கொண்டால் அந்த எட்டு இலக்கம்தான் திறக்கும்.

எண்களை சிம்மில் சேமித்து வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். சிம்மைக் கழற்றியதும் பெயர்கள் எல்லாம் போய்விடும். போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றத் தெரியாவிட்டால் ஏதாவது ஒரு கடையில் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. மாற்றும்போதே முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு 0094 சேர்த்து வையுங்கள். 077 என்று தொடங்கும் எண் அங்கே போகாது, 0094 77 என்று அடிக்க வேண்டும். எளிய விஷயம்தான். ஆனால் முதல் இரவில் பயத்தோடு இருக்கும் பிள்ளைக்கு, எண் ஏன் போகவில்லை என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு எண்களையாவது மனப்பாடம் செய்யுங்கள், சட்டைத் துணியோடு ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

தெருவோரத்தில் மலிவாக விற்கும், ஏற்கெனவே திறந்துவைத்த சிம்களைத் தொடவே வேண்டாம். அது யாரோ ஒருவரின் அட்டையில் பதிந்தது. அதைவிட ஆபத்து, பதிந்து தருகிறேன் என்று உங்கள் பாஸ்போர்ட் பிரதியையும் கைரேகையையும் வாங்குகிறவர். ஒன்று தந்துவிட்டு உங்கள் பெயரில் நான்கு எடுக்கலாம். அந்த எண்ணிலிருந்து யாரையாவது ஏமாற்றினால் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். விமான நிலையக் கவுண்டரில் விலை கூடத்தான், தரும் பேக்கேஜும் பெரிதாக இருக்காது. இருந்தாலும் கம்பெனியின் கவுண்டரிலோ கிளையிலோதான் எடுக்கச் சொல்வேன். அந்தக் கூடுதல் காசு வீண் போவதில்லை.

டுபாய், அபுதாபி போகிறவர்களின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைப்பு மட்டும் போகாது. அழைப்பு எடுபடவில்லை என்று பதற வேண்டாம். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளுக்கு அந்த நாட்டுக் கம்பெனிகளில் பேக்கேஜ் உண்டு. தடையைத் தாண்டி அழைக்க வைக்கும் விபிஎன் செயலியைப் போட்டுத் தருகிறேன் என்று கூட இருப்பவர் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். குற்றத்துக்கு விபிஎன் பயன்படுத்தியதாக வந்தால் 5 இலட்சம் திர்ஹமிலிருந்து 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் என்கிறது அந்த நாட்டுச் சட்டம்.

சிங்கப்பூர் போகிறவர்கள் பழைய பட்டன் போனை நம்பிப் போகக் கூடாது. அங்கே 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் நிறுத்திவிட்டார்கள். மலேசியாவிலும் 3ஜி 2021 முடிவோடு போய்விட்டது. 4ஜியில் பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, போனில் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குக் கோயில் பயணமும் வைத்தியமும் பார்க்கப் போகிறவர்கள் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தக்காரர் பெயரில் சிம் எடுப்பது நம்மிடம் சாதாரணம். அன்பால் செய்வதுதான், ஆனால் அந்த எண்ணில் நடக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசா, படம் கொடுத்துத் தன் பெயரிலேயே எடுக்கலாம். உள்ளூர் முகவரியும், தெரிந்தவர் ஒருவரின் எண்ணும் கேட்பார்கள். எண் வேலை செய்யச் சிலவேளை ஒரு நாள்கூட ஆகும். முதல் நாள் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று வயதானவர்களிடம் பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

அவசர எண்களும் தெரிந்திருக்க வேண்டும். கட்டாரிலும் அமீரகத்திலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 நம் நாட்டுக்குள் இருந்து அழைப்பதற்கான குறுகிய எண், ஆகவே முறைப்பாடு செய்ய வேண்டியிருந்தால் ஊரில் இருப்பவர் அதை அழைக்கலாம். தூதரகம் என்றும், பொலிஸ் என்றும், பரிசு விழுந்தது என்றும் சொல்லி ஓடிபி கேட்கும் அழைப்புகள் புது எண்ணுக்கு வரும். பேசுகிறவர் தமிழில் பேசினாலும் துண்டித்துவிடுங்கள்.

ஒரேயடியாகத் திரும்பி வரும்போது அந்த நாட்டு எண்ணை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் வாட்ஸ்அப்பை ஊர் எண்ணுக்கு மாற்றுங்கள், வங்கியில் எண்ணை மாற்றுங்கள். பிறகு கம்பெனிக் கிளைக்குப் போய் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டு, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கான துண்டை வாங்குங்கள். இதை விமானம் ஏறும் நாளுக்கு வைக்காமல் ஒரு வாரம் முன்பே செய்தால்தான், தெரியாத எண் ஏதாவது உங்கள் பெயரில் இருந்தாலும் விசாரிக்க நேரம் கிடைக்கும்.