சதுப்பும் ஈரநிலமும்

அண்மையில் ஒரு கண்காட்சிப் பலகையில் ‘வேடந்தாங்கல் சதுப்பு நிலம்’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன். வேடந்தாங்கல் ஓர் ஏரி. கரை கட்டி, நீர் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சிய ஏரி. அதைச் சதுப்பாக்கியது மொழிபெயர்ப்பாளரின் பேனாதான். இதே பிழையைப் பலமுறை கண்டு சலித்ததால் இதை எழுதுகிறேன்.

அவர் சதுப்பு என்று பெயர்த்த ஆங்கிலச் சொல் ‘வெட்லேண்ட்’. இவ்வகை நிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அச்சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தந்தது. இயற்கையானதோ வெட்டியதோ, ஆண்டு முழுதும் நீர் நிற்பதோ பருவத்தில் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உவர்நீரோ, ஓதம் இறங்கிக் கடல் உள்வாங்கிய வேளையில் 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடலோரம் வரை எல்லாம் அதில் அடங்கும். இதற்கு ஈரநிலம் என்பதே பொருந்தும். ‘ஈர்’ பழைய அடிச்சொல். ‘ஈர்ங்கை விதிரார் கயவர்’ என்கிறது குறள்.

சதுப்பு என்பதோ கால் வைத்தால் உள்வாங்கும் சேற்று நிலம். அது ஈரநிலத்தில் ஒரு வகை. வகையின் பெயரைத் தொகுதிக்குச் சூட்டினால் ஏரியும் குளமும் கண்மாயும் உப்பளமும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும் ஏரியைக் காட்டி ‘இங்கே சதுப்பு எங்கே இருக்கிறது’ என்று கேட்பவருக்கு நாமே வாய்ப்பு அளித்துவிடுகிறோம். ஈரநிலம் என்பது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு, தமிழில் வேரூன்றாதது என்று வாதிடுவோர் உண்டு. இரு பகுதியும் தமிழ், சேர்க்கையும் தமிழ், கேட்டவுடன் பொருள் விளங்குகிறது. இதற்கு மேல் ஒரு கலைச்சொல்லுக்கு என்ன தகுதி வேண்டும்? வருவாய்த்துறை வழக்கை ஒட்டி ‘நன்செய்’ என்று எழுதுவது இன்னும் மோசம். அது பாசனமுள்ள விளைநிலம். பறவைகள் கூடும் நீர்ப்பரப்பை அச்சொல் குறிக்காது.

சொல் குறுகும்போது அந்த நிலம் செய்யும் வேலையும் மறைந்துபோகிறது. தென்சென்னையின் பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். சுற்றுப்புற ஏரிகளில் நிரம்பி வழியும் மழைநீர் அங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. தெருக்களைக் கழுவிக்கொண்டு வரும் நீர் கோரைக்கும் சம்புக்கும் இடையே வேகம் இழக்க, மண் அடியில் படிகிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வளியாக மாற்றி வெளியேற்றுகின்றன. இதை ‘வடிகட்டுகிறது’ என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. சல்லடை வேலையன்று இது. தேற்றாங்கொட்டை உரைத்த பானையில் கலங்கல் அடங்குவதுபோல நீர் தெளிகிறது. ‘தெளிவிக்கிறது’ என்ற அழகான சொல் இருக்க, மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார். அதே பலகையில், ஆங்கிலத்தின் ‘ஸ்டார்ம்வாட்டர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, மழைநீர் ‘புயல்நீர்’ ஆகியிருந்ததும் அப்படித்தான். புயல் இல்லாத நாளில் பெய்யும் மழைக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

உயிர்களும் சேற்றை மட்டும் நம்பி வருவதில்லை. பூநாரைக்கு ஆழமற்ற நீர் வேண்டும்; நாமக்கோழிக்கு நீந்தத் திறந்த நீர் வேண்டும்; நீளவால் இலைக்கோழியோ நீண்ட விரல்களை அல்லி இலைமேல் பரப்பி நடந்து, மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். இத்தனை வகை நீரையும் கரையையும் சதுப்பு என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பொதுப்பெயராக ஈரநிலம் இருக்கட்டும். வேடந்தாங்கலை ஏரி என்றே எழுதுங்கள். பள்ளிக்கரணைக்கு அவ்வூரார் வழங்கிய பெயர் கழுவெளி. மரக்காணத்துக்கு அருகே கழுவேலி என்ற பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகிறது. அடுத்த பலகையிலாவது அது இடம்பெற வேண்டும்.