அசைலம்: தஞ்சமா, அடைக்கலமா, புகலிடமா?

லண்டன் தமிழர் பேச்சில் "அவர் அசைலம் அடிச்சவர்" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை: சொந்த நாட்டில் ஆபத்து என்று சொல்லி வேறு நாட்டில் பாதுகாப்பு கேட்டவர். ஜெர்மனிப் பக்கமும் சுவிஸ் பக்கமும் அதுவே "அசூல் அடிக்கிறது" ஆகிவிடும். அந்த ஊர் உச்சரிப்பு அப்படி. கேஸ் போட்டவர், ரிஜெக்ட் ஆகி அப்பீலில் இருப்பவர், பேப்பர் கிடைத்தவர் என எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தமிழ்ச் செய்திகளிலோ நிலைமை நேர் எதிர். அரசியல் தஞ்சம், அடைக்கலம், புகலிடம், அகதி அந்தஸ்து என நான்கும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும், நான்கும் ஒன்றுதான் என்பதுபோல. பிரிட்டனில் குடியேற்றம் பற்றி இப்போது நடக்கும் வாக்குவாதத்தைத் தமிழில் படிப்பவருக்கு வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பேன்.

அசைலம் என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். 'சூலே' என்றால் பறிமுதல் செய்யும் உரிமை. ஓர் ஊர்க்காரன் கடனைத் திருப்பித் தராவிட்டால், அதே ஊரைச் சேர்ந்த வேறொருவனையோ அவன் சரக்கையோ பிடித்து ஈடுகட்டிக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. அதன் முன் 'அ' என்ற எதிர்மறை சேர்ந்து 'அசூலோன்': அங்கே யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் அது கோயில் எல்லை. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததும் இந்தச் சொல்தான். இந்த வேரில் இரக்கம் இல்லை, கொடை இல்லை, விருந்தோம்பலும் இல்லை. துரத்தி வருபவனைப் பார்த்து "நில்" என்று சொல்வது மட்டுமே இருக்கிறது.

பிரிட்டன் வாக்குவாதத்தில் அடிபடும் ஆள் பற்றாக்குறைக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவும் பழையதுதான். ரோம் நகரைக் கட்டிய ரோமுலஸிடம் ஊர் இருந்தது, ஊருக்குள் ஜனம் இல்லை. கேப்பிடோலைன் குன்றில் ஓர் இடத்தை அசைலமாகத் திறந்து, அடிமையா சுதந்திர மனிதனா என்று பாராமல் அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்களையெல்லாம் அவன் சேர்த்துக்கொண்டான் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். புராணக் கதைதான். ஆனாலும் ரோமர்கள் தங்கள் தொடக்கத்தைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை. பிறகு காற்று மாறியது. கி.பி. 22இல், திபேரியஸ் பேரரசராக இருந்தபோது, கிரேக்க நகரங்களின் கோயில்களில் ஓடிப்போன அடிமைகளும் கடன்காரர்களும் குற்றவாளிகளும் நிரம்பிவிட்டார்கள் என்று புகார் கிளம்பியது. அசைலம் உரிமை கொண்டாடும் ஒவ்வொரு நகரமும் பட்டயத்தோடு தூதரை அனுப்பி நிரூபிக்க வேண்டும் என்றது ரோமானிய செனட். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். "போலி அகதிகள்" என்று இன்று எழும் கூச்சலுக்கு அவ்வளவு வயது.

நம் ஊருக்கு இந்தச் சொல் வேறு பொருளில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த இல்லங்களுக்கு 'அசைலம்' என்றுதான் பெயர். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய மனநோய் மருத்துவமனைக்கும் அதே பெயர் இருந்தது. பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குபவர்கள் இந்த இடத்தில் 'தஞ்சம்' என்று போட்டுவிடக் கூடாது. அங்கே காப்பகம், இல்லம் என்பதே சரி.

இனி நம் சொற்கள்.

தஞ்சம் என்ற சொல்லின் பயணம் வியப்பானது. "தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே" என்கிறது தொல்காப்பியம். எண்மை என்றால் எளிமை. தஞ்சம் என்றால் எளிது, லேசானது. புறநானூற்றின் 73ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி சொல்வதைப் பாருங்கள்: என்னிடம் மெல்ல வந்து, என் அடி பொருந்தி, 'ஈ' என்று இரந்தால் "முரசு கெழு தாயத்து அரசோ தஞ்சம்". அரசைக் கொடுப்பதே எனக்கு லேசான காரியம் என்கிறான். எளிமையைக் குறித்த சொல் பின்னாளில் எளியவர் பற்றிக்கொள்ளும் பற்றுக்கோட்டைக் குறிக்க வந்திருக்கிறது. இன்று 'தஞ்சம் புகுந்தான்', 'தஞ்சமடைந்தான்' என்னும்போது கண் முன் நிற்பது வந்தவரின் நிலை: கை ஓய்ந்தவர், வேறு வழி அற்றவர்.

அடைக்கலம் அப்படியல்ல. அது வந்தவரை ஏற்றுக் காப்பவர் பக்கமிருந்து பார்க்கும் சொல். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மாதரியின் கையில் ஒப்படைக்கும் இடம் அது. ஒப்படைக்கப்பட்டது பொருளோ மனிதரோ, பழுதில்லாமல் காக்கும் கடமை ஏற்றவருடையது. விவிலியத் தமிழில் 'அடைக்கலப் பட்டணம்' என்ற சொல்லும் இந்த மரபில்தான் வருகிறது. மனத்துக்கு நெருக்கமான சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது கொடுப்பவரின் பெருந்தன்மையில் நிற்கிறது. சட்டத்துக்கு அது போதாது.

புகலிடம் இடத்தைச் சொல்கிறது. புகு, புகல், புகலிடம். சீகாழிக்குப் புகலி என்றொரு பெயர் உண்டு. சூரபன்மனுக்கு அஞ்சிய தேவர்கள் புகுந்த ஊர் என்பது தலபுராணம். கிரேக்கச் சொல்லுக்கு மிக அருகில் இருப்பது இதுதான்: உள்ளே வந்துவிட்டால் துரத்தியவன் கை எட்டாது. 'உரிமை' என்ற சொல்லோடும் இயல்பாக ஒட்டுகிறது. ஆகவே அசைலம் என்பதற்குப் புகலிடம் என்றும், அதைக் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவரைப் புகலிடம் கோருபவர் அல்லது புகலிட விண்ணப்பதாரர் என்றும் எழுதலாம். 'தஞ்சம் கோரினார்' என்பது செய்தி வழக்கில் ஊறிப்போனது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

அகதி வேறு. 'கதி அற்றவர்' என்ற வடமொழிக் கூட்டு. சட்டப்படி, கோரிக்கை ஏற்கப்பட்டவருக்கு உரிய நிலை அது. இதற்குத் தனித்தமிழில் 'ஏதிலி' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம்" என்ற குறளில் ஏதிலார் என்றால் நமக்கு யாரோ, அயலார். ஓடி வந்தவரை அயலார் என்று அழைக்க ஒரு புதுச்சொல் எதற்கு? தமிழ்நாட்டில் 2021இல் 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு அறிவித்தபோது, அகதி என்ற சொல் உறுத்தியது என்பதே காரணம். உறுத்தல் நியாயமானது. ஆனால் அகதி என்ற நிலை சர்வதேசச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் முகாமில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரின் இழிவு மட்டும் கிடைத்தது, பயன் கிடைக்கவில்லை.

அந்த உடன்படிக்கை சொல்வது என்ன? இனம், மதம், நாட்டினம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுபவர் அகதி. பசியும் வேலையின்மையும் பட்டியலில் இல்லை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்கிறது 33ஆம் பிரிவு. மறுபடியும் அந்தக் கிரேக்க வேர்.

'தக்க காரணத்தோடு அஞ்சுதல்' என்றால் எவ்வளவு அச்சம் என்பதைப் பிரிட்டிஷ் சட்டம் தீர்மானித்ததே தமிழர் வழக்கில்தான். 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமானது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு பிரிட்டன் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர் குழு ஒன்றைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, அவர்கள் ஓடுபாதைத் தளத்திலேயே உடைகளைக் களைந்து மறுத்தார்கள். அதே ஆண்டில், தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் என்று சட்டம் வந்தது. டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது: விண்ணப்பதாரரின் மனத்தில் அச்சம் இருந்தால் போதாது, அவர் அஞ்சுவது நடப்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். தோற்றவர்கள் தமிழர்கள். இன்று எந்த நாட்டுக்காரர் அங்கே கோரிக்கை வைத்தாலும் அந்த அளவுகோல்தான்.

இப்போதைய வாக்குவாதத்தில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று புகலிடம், மற்றது வேலை விசா. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கு ஆள் கிடைக்காமல் இங்கிலாந்தில் 2021-22இல் சுமார் 1,65,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு விசா திறந்தார்கள். இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் ஆட்கள் போனார்கள். எண்ணிக்கை அரசியலாக, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்தினார்கள். இவ்வளவும் நடந்த காலத்தில், புகலிடம் கோரியவர் தன் ஏ.ஆர்.சி. கார்டை, அதாவது விண்ணப்பம் பதிவானதற்கான அடையாள அட்டையை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 2002 வரை ஆறு மாதம் காத்திருந்தால் அனுமதி கேட்கலாம் என்றிருந்தது. பிறகு 12 மாதம். அதுவும் தாமதம் அவரால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது, அரசு பட்டியலிட்ட வேலைகளில் மட்டுமே சேரலாம். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருந்தவருக்கு 2025இல் கைச்செலவுக்கு வாரம் 10 பவுன்கூடக் கிடைக்கவில்லை. வேலை செய்யாதே என்று தடுக்கும் அதே வாயால் "உட்கார்ந்து தின்கிறார்கள்" என்றும் சொல்கிறார்கள். இது பெரிய அநியாயம். வேலை கொடுத்தால் அதற்காகவே இன்னும் பலர் வருவார்கள் என்று அரசு அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வருடம் முடிவு சொல்லாமல் இழுப்பது விண்ணப்பதாரரின் குற்றமல்லவே.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: 'சட்டவிரோதக் குடியேறி'. புகலிடம் கோருவதற்கென்று பிரிட்டனில் விசாவே கிடையாது. அந்த நாட்டு மண்ணில் நின்றுதான் கோர முடியும். அனுமதியின்றி வந்து சேர்வதை 2022 சட்டம் குற்றமாக்கியது உண்மை. கோருவது குற்றமல்ல. ஆபத்திலிருந்து நேரே வந்து, உடனே அதிகாரிகள் முன் நின்றவரை, வந்த விதத்துக்காகத் தண்டிக்கக் கூடாது என்று உடன்படிக்கையின் 31ஆம் பிரிவும் சொல்கிறது. 2025 கோடையில் லண்டனுக்கு அருகே உள்ள எப்பிங் ஊரில் ஹோட்டல் முன் ஆர்ப்பாட்டம் நடந்தபோது "சட்டவிரோதக் குடியேறிகள் தங்கிய ஹோட்டல்" என்று எழுதுவது எளிது. "புகலிட விண்ணப்பதாரர்கள் தங்கிய ஹோட்டல்" என்று எழுதினால் தலைப்பில் ஒரே ஓர் எழுத்துதான் கூடும்.