ஸ்டென்ட் – தாங்குகுழல்

அடைபட்ட இதயத் தமனியை, அதாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் திறந்தபடி வைக்க உள்ளே செருகும் சிறு வலைக்குழாய்தான் ஸ்டென்ட். ஆனால் ‘ஸ்டென்ட்’ ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் ஸ்டென்ட், 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் மருத்துவர். இதயத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பல்செட் கட்ட வாயில் அச்செடுக்க அந்தக் காலத்தில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின் பயன்பட்டது. ஆறும்போது அது சுருங்கி, அச்சு கோணிவிடும். 1856இல் அதனுடன் ஸ்டியரின் என்ற கொழுப்பைச் சேர்த்து, உருக்குலையாத கலவை ஒன்றை அவர் உருவாக்கினார். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்குத் தோல் ஒட்டிய டச்சு மருத்துவர் எஸ்ஸர், ஒட்டிய தோல் நகராமலிருக்க இதையே அச்சாக வைத்து அழுத்தினார். பிறகு திசுவை விலகாமல் தாங்கிப் பிடிக்கும் பொருளுக்கெல்லாம் ‘ஸ்டென்ட்’ என்பதே பெயராகிவிட்டது.

ஊர்ப்பக்கம் ‘ஸ்பிரிங் வெச்சிருக்கு’ என்று சொல்வதுண்டு. அதைக் கேலி செய்ய வேண்டாம். 1969இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் நாய்களின் கால் தமனிக்குள் வைத்தது சுருள்கம்பியைத்தான். அவரே எழுதிய கட்டுரைத் தலைப்பிலும் ‘சுருள்வில்’ இருக்கிறது.

1977இல் சூரிக்கில் மருத்துவர் குருன்ட்சிக் இதயத் தமனி அடைப்பைப் பலூனால் விரித்தார். ஆனால் பலூனை எடுத்ததும் தமனியின் சுவர் பழையபடி சுருங்குவதும், கிழிந்த உள்படலம் மடிந்து வழியை அடைப்பதும் தீராத தொல்லையாக இருந்தன. அதற்குத் தீர்வாக 1986இல் பிரான்சின் துலூஸிலும் சுவிட்சர்லாந்தின் லோசானிலும் மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன.

இன்று மணிக்கட்டுத் தமனி வழியாக 0.36 மி.மீ. கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அதன்மேல் பலூனில் இறுக்கிய ஸ்டென்டை ஓட்டுகிறார்கள். பலூனுக்குள் காற்றடிப்பதில்லை. பலூன் வெடித்தால் காற்றுக்குமிழி தமனியை அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை உப்புநீரில் கலந்தே ஏற்றுகிறார்கள். அழுத்தம் பெரும்பாலும் 12 வளிமண்டலத்தை ஒட்டியிருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. பலூன் விரிந்திருக்கும் சில நொடிகளில் ரத்தம் நின்றுபோவதால் நெஞ்சு வலிக்கலாம்.

கால்சியம் படிந்து கல்லான அடைப்பில் ஸ்டென்ட் முழுதாக விரியாது. அரைகுறையாக விரிந்த ஸ்டென்டில் ரத்தம் உறையும். அதனால் வைரத்தூள் பதித்த துரப்பணத்தாலோ அதிர்வலையாலோ முதலில் கல்லை உடைத்துக்கொள்கிறார்கள். வெறும் உலோக ஸ்டென்டில் இன்னொரு சிக்கல், வலைக்கண் வழியே திசு வளர்ந்து சில மாதங்களில் மீண்டும் அடைப்பது. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த பாக்டீரியா தந்த சிரோலிமஸ் போன்ற மருந்துகளைப் பூசிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது.

தமிழில் என்ன சொல்வது? ‘வலைக்குழாய்’ பொருத்தமாகத் தோன்றும். ஆனால் சிறுநீர்க்குழாயிலும் பித்தக்குழாயிலும் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்டுக்கு வலையே கிடையாது. எல்லாவற்றுக்கும் பொதுவானது வழியைத் திறந்தபடி தாங்குவது. ஆகவே ‘தாங்குகுழல்’ நல்லது. இதயத்துக்குரியதை ‘தமனித் தாங்குகுழல்’ எனலாம். இலங்கைத் தமிழில் தமனி ‘நாடி’ ஆகையால் அங்கே ‘நாடித் தாங்குகுழல்’. பேச்சில் ஸ்டென்ட் என்றே இருக்கட்டும். ஆனால் ‘ஆஞ்சியோ பண்ணியாச்சு’ என்பது போதாது: ஆஞ்சியோகிராம் அடைப்பைப் பார்க்கும் படம், ஆஞ்சியோபிளாஸ்டி அடைப்பை நீக்கும் சிகிச்சை.

ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சேர்ந்தே ஓடும். புது உலோகத்தின்மேல் உள்படலம் மூடும்வரை ரத்தம் உறையாமல் காப்பவை அவைதாம். பல் பிடுங்கப் போகிறவர் ரத்தம் நிற்காதோ என்று பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். பல்லில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்துக் கடித்தே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். நாற்காலியில் உட்காருமுன் பல் மருத்துவரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.