சூரிய ஒளியில் ஓடும் பாய்மரக் கலம்

1951-இல் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர், சூரிய ஒளியின் உந்துதலிலேயே விண்வெளியில் பாய்மரக் கலம் ஓட்டலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்தது ஓர் அறிவியல் புனைகதை இதழில், அதுவும் புனைபெயரில். அடுத்த பத்து ஆண்டுகளில் கதைகளில் சூரியப் பாய்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. கோள்களுக்கு இடையே நிஜமாகவே ஒன்று பாய் விரிக்க 2010 வரை ஆனது.

ஒளிக்கு நிறை இல்லை, ஆனால் உந்தம் உண்டு. சுவரில் அடித்த பந்து சுவரைத் தள்ளிவிட்டுத் திரும்புவது போல, கண்ணாடி மாதிரியான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தப் பரப்பைத் தள்ளுகிறது. ஒளியை விழுங்கிவிடும் கறுப்புப் பரப்பைவிட, அதைத் திருப்பி அனுப்பும் பரப்புக்கு இரண்டு மடங்கு உந்துதல் கிடைக்கும். பாயில் அலுமினியம் பூசுவது அதனால்தான். 1900-இல் ரஷ்ய இயற்பியலாளர் லெபதேவ் இந்த அழுத்தத்தை ஆய்வகத்திலேயே அளந்து காட்டினார்.

சரி, எவ்வளவு உந்துதல்? பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீட்டர் பாய்க்கு 9 மைக்ரோநியூட்டன். பூமியில் ஒரு மில்லிகிராம் பொருளின் எடை அளவுதான். 2019-இல் ஏவப்பட்ட லைட்செயில் 2-ஐ எடுத்துக்கொள்வோம். பாய் 32 சதுர மீட்டர், கலம் 5 கிலோ. அதே கலம் சூரியனை நேராகப் பார்த்தபடி தடையில்லாமல் ஓடினால், ஒரு நாளில் அதன் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான் கூடும். ஆனால் எரிபொருள் தீர்ந்துபோவது என்ற பேச்சே கிடையாது. நூறு நாளில் அது 1,800 ஆகிவிடும்.

சூரியக் காற்றுதான் இந்தப் பாயைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். அதன் அழுத்தம் ஒளி அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது திசை மாற்றும் விதம்தான். ஒளி சூரியனிலிருந்து வெளிப்பக்கம் மட்டுமே தள்ளும். அப்படியிருக்க, சூரியனை நோக்கிப் போவது எப்படி? பூமியிலிருந்து கிளம்பும் கலம் ஏற்கெனவே நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாயைச் சாய்த்து, உந்துதலின் ஒரு பகுதி ஓடும் திசையில் விழும்படி செய்தால் சுற்றுப்பாதை விரிந்துகொண்டே போகும். மறுபக்கம் சாய்த்தால் அதே ஒளி பிரேக் போடும். வேகம் குறையக் குறைய, கலத்தைச் சூரியனின் ஈர்ப்பே சுருள் சுருளாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பாயைச் சாய்ப்பதற்கும் ஒளியையே பயன்படுத்தியது ஜப்பானின் இகாரோஸ். 2010 மே மாதம் ஏவப்பட்ட கலம் அது. பாயின் தடிமன் 7.5 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பாயை விரித்துப் பிடிக்கும் கம்பங்கள் ஏதும் இல்லை; கலம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள, அந்த வேகத்தில் பாய் விரிந்து விறைப்பாக நின்றது. ஓரங்களில் திரவப் படிகத் தகடுகள். மின்சாரம் கொடுத்தால் அவை பளபளவென்று கண்ணாடியாகும். நிறுத்தினால் மங்கி ஒளியைச் சிதறடிக்கும். சிதறும் பக்கத்தில் உந்துதல் குறையும். சுழற்சிக்கு ஏற்ப தகடுகளை ஏற்றி அணைத்தால், ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் பாய் மெல்லத் திரும்பும். அதே ஆண்டு டிசம்பரில் இகாரோஸ் வெள்ளிக் கோளைக் கடந்து போனது.

சூரியனை விட்டு விலக விலக உந்துதல் வேகமாகக் குறையும். வியாழன் அருகே அது இருபத்தேழில் ஒரு பங்குதான். அங்கெல்லாம் போக வேண்டுமென்றால் பாய் பெரிதாக வேண்டும், அப்புறம் இன்னும் லேசாகவும் வேண்டும். 2024-இல் நாசா, சுருட்டி வைக்கக்கூடிய கூட்டுப்பொருள் கைகளால் 80 சதுர மீட்டர் பாயைச் சுற்றுப்பாதையில் விரித்துப் பார்த்தது. பாய் விரிந்தது, நான்கு கைகளில் ஒன்று மட்டும் லேசாக வளைந்திருந்தது.